புலம் ஏற்றியதும் டேட்டா ஏன் இப்படி வருகிறது? தாழ்பரிமாண குவாண்டம் காந்தங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஸ்பின் சங்கிலி, ஏணி, டைமர் (ஜோடி சேர்ந்த இரண்டு ஸ்பின்), ஒற்றை அடுக்கு என்று எந்த வகைப் படிகமாக இருந்தாலும் சரி, அதைக் காந்தத்துக்குள் வைத்துப் புலத்தை ஏற்றி நியூட்ரான் சிதறலோ ஈஎஸ்ஆரோ (எலக்ட்ரான் ஸ்பின் ஒத்ததிர்வு) தன்வெப்பமோ அளந்தால், கைக்கு வரும் டேட்டாவில் ஒரு பங்குதான் படிகத்தின் இயற்பியல். மீதி கிரையோஸ்டாட், பசை, தப்பான வெப்பநிலை, சற்றே கோணலாக உட்கார்ந்த சாம்பிள். இவற்றைப் பிரித்தறிய ஒரு வழிமுறை இது. உங்களுக்கு வந்திருக்கும் அறிகுறியைத் தேடி நேராக அந்த இடத்துக்குப் போய்விடலாம், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டாதீர்கள், கீழே வருவதில் பாதி அதை நம்பித்தான் நிற்கிறது.

எதையும் தொடங்கும் முன்

ஜி மதிப்பு (ஸ்பின் புலத்துக்கு எவ்வளவு பதில் சொல்கிறது என்ற எண்) 2 என்றால் ஒரு டெஸ்லாவுக்குச் சீமான் ஆற்றல் (புலம் ஸ்பின் நிலைகளைப் பிரிக்கும் அளவு) 0.116 மில்லி எலக்ட்ரான்வோல்ட் (இனி எம்இவி). அதே அளவு கெல்வினில் 1.34, அதிர்வெண்ணில் 28 கிகாஹெர்ட்ஸ். இந்த மூன்று எண்ணும் மனப்பாடமாக இருக்கட்டும். 5 டெஸ்லாவில் ஒரு கிளை 0.6 எம்இவி அளவுக்கு நகர வேண்டியிருக்க, உங்கள் கருவியின் ரெசல்யூஷனே 1 எம்இவி என்றால் பிரச்சினை சாம்பிளில் இல்லை, நீங்கள் நேரம் வாங்கியிருக்கும் கருவியில்.

இரண்டாவது, என் கட்சி: தெவிட்டுப் புலத்தை எட்ட முடிகிற சாம்பிளாக இருந்தால், முதலில் அதற்கு மேலே போங்கள். பெரும்பாலானவர்கள் சுழி புலத்திலிருந்து மேலே ஏறுகிறார்கள், எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. எல்லா ஸ்பின்னும் புலத்தின் பக்கம் திரும்பிவிட்ட நிலை ஹைசன்பர்க் மாதிரியின் (பக்கத்து ஸ்பின்கள் ஒன்றையொன்று பிணைக்கும் எளிய மாதிரி) துல்லியமான ஐகன் நிலை, அதில் ஒரு ஸ்பின்னைப் புரட்டினால் வரும் மேக்னானுக்குச் சாதாரண நேரியல் ஸ்பின் அலைக் கணக்கே துல்லியம், குவாண்டம் திருத்தம் எதுவும் சேராது. ஆக அங்கே எடுக்கும் பிட் நேரடியாக ஹாமில்டோனியனை (எல்லாப் பிணைப்புகளையும் சொல்லும் ஆற்றல் சமன்பாடு) தந்துவிடும். சுழி புலத்தில் அப்படி இல்லை.

சீசியம் காப்பர் குளோரைடில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். சுழி புலத்தில் ஸ்பின் அலை பிட் போட்டால் சங்கிலித் திசையின் ஜே (பக்கத்து ஸ்பின்களின் பிணைப்பு வலிமை) 0.62 எம்இவி என்று வந்தது. 2002-இல் கோல்டியா குழு அதே படிகத்தை, தெவிட்டுப் புலமான 8.44 டெஸ்லாவைத் தாண்டி 12 டெஸ்லாவில் அளந்தபோது உண்மையான ஜே 0.374 எம்இவி, சங்கிலிகளுக்கு இடைப்பட்ட குறுக்குப் பிணைப்பு 0.128, சியாலோஷின்ஸ்கி–மோரியா பகுதி (பக்கத்து ஸ்பின்களை ஒன்றுக்கொன்று சாய்க்கப் பார்க்கும் பிணைப்பு) 0.020. முதல் எண்ணுக்கும் இரண்டாவதற்கும் 1.65 மடங்கு வித்தியாசம். அந்த வித்தியாசம் தப்பு இல்லை, அதுவேதான் குவாண்டம் விளைவு. ஆனால் மேலே போய் அளக்காமல் அதைத் தப்பிலிருந்து பிரித்தறிய வழியே கிடையாது.

"நியூட்ரானில் வந்த ஜே-யும் காந்த ஏற்புத்திறனில் வந்த ஜே-யும் ஒத்துப்போகவில்லை"

மேலே சொன்னதன் நேரடி விளைவு. ஸ்பின் அரைச் சங்கிலியில் கீழ் விளிம்பின் உச்சி பை/2 பெருக்கல் ஜே. நேரியல் ஸ்பின் அலைக் கணக்கோ வெறும் ஜே என்கிறது. உங்கள் நியூட்ரான் ஜே மற்றதைவிட ஏறத்தாழ 1.57 மடங்கு பெரிதாக வந்திருந்தால், ஸ்பின் அலைச் சூத்திரத்தை ஸ்பினான் (ஒரு ஸ்பின் புரட்டல் இரண்டாக உடைந்து வரும் துண்டு) விளிம்பில் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். சரிபார்க்க இரண்டு எண்கள்: காந்த ஏற்புத்திறனின் உச்சி 0.641 ஜே வெப்பநிலையில் வர வேண்டும், தெவிட்டுப் புலத்தின் சீமான் ஆற்றல் 2 ஜே ஆக இருக்க வேண்டும். காப்பர் பைரசீன் நைட்ரேட்டில் ஜே 0.9 எம்இவி, ஆக தெவிட்டுப் புலம் 15 டெஸ்லா பக்கம், கணக்கு அழகாக உட்காரும்.

வித்தியாசம் சரியாக 2 மடங்கு என்றால் இயற்பியலைத் தேடவே வேண்டாம். ஒரு பிணைப்பை இரண்டு முறை எண்ணும் வழக்கமும் ஒரு முறை எண்ணும் வழக்கமும் கட்டுரைக்குக் கட்டுரை மாறும், ஹாமில்டோனியன் எழுதியிருக்கும் வரியைப் போய்ப் பாருங்கள்.

"புலத்தை ஏற்றினேன், பீக் நகரவே இல்லை"

காந்தக் கிளர்வு என்றால் புலத்துக்கு ஏதாவது ஒரு பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைப்போம். ஒரு விதிவிலக்கு உண்டு, டிரிப்லெட்டின் (புலத்தில் மூன்றாகப் பிரியும் கிளர்வு) நடுக் கிளை சீமான் ஆற்றலால் நகராது. அது இல்லை என்றால் சந்தேகிக்க வேண்டியவை போனான் (படிக அணுக்களின் அதிர்வு), அலுமினியம், அப்புறம் அரை அலைநீளக் கலப்படம் (கற்றையில் ஒளிந்துவரும் பாதி அலைநீள நியூட்ரான்கள்).

போனானைப் பிடிக்க வெப்பநிலையும் கியூ-வும் (சிதறலில் நியூட்ரானின் உந்த மாற்றம்) போதும். சூடாக்கினால் போனான் வலுக்கும், காந்தக் கிளர்வு மெலிந்து பரவும். கியூ பெரிதானால் போனான் கியூ-வின் வர்க்கத்தை ஒட்டி ஏறும், காந்தச் சிதறல் வடிவக் காரணியால் இறங்கும். ஆகவே ஒரே பிரில்லுவான் மண்டல இடத்தைச் சிறிய கியூ-விலும் பெரிய கியூ-விலும் ஒருமுறை ஸ்கேன் செய்துவிடுங்கள்.

கிரையோஸ்டாட், காந்தத்தின் வளையங்கள், சாம்பிள் தாங்கி எல்லாம் அலுமினியம். அதன் தூள் கோடுகள் 2.69, 3.10 தலைகீழ் ஆங்ஸ்ட்ராமில் உட்கார்ந்திருக்கும், அந்தக் கியூ-க்களுக்குப் பக்கத்தில் தெரியும் "கிளர்வை" நம்பாதீர்கள். மூன்று அச்சுக் கருவியில் மோனோகுரோமேட்டரின் பரவல் சிதறல் போலிப் பீக்குகளையும் தரும். இதற்கு ஒரே நேர்மையான சோதனை, இறுதி ஆற்றலை மாற்றி அதே ஆற்றல் இழப்பில் மறுபடி அளப்பது. உண்மையான கிளர்வு அதே இடத்தில் நிற்கும், போலி ஓடிவிடும். நேரம் இல்லை என்று இதைத் தள்ளிப்போடுபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன், பின்னால் கட்டுரை மதிப்பாய்வில் அதே கேள்வி வரும்போது கருவி நேரம் முடிந்திருக்கும்.

இன்னொன்று, சுழி புல டேட்டாவைப் பின்னணியாகக் கழிக்கும் பழக்கம். அது பின்னணி இல்லை, அதிலும் காந்தச் சிக்னல் இருக்கிறது, புலத்தால் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். கழித்தால் வரும் பள்ளங்களைக் "கேப்" (கிளர்வே இல்லாத ஆற்றல் இடைவெளி) என்று படித்துவிட வாய்ப்பு அதிகம். பின்னணி வேண்டுமென்றால், சிக்னலை முழுக்க அந்த ஆற்றல் ஜன்னலுக்கு வெளியே தள்ளிவிடும் அளவுக்கு உயர்ந்த புலத்தில் எடுங்கள்.

"டிரிப்லெட் மூன்றாகப் பிரிய வேண்டும், ஆனால் ஒன்றோ இரண்டோதான் தெரிகிறது"

நியூட்ரான் கியூ-வுக்குச் செங்குத்தான ஸ்பின் கூறுகளை மட்டும்தான் பார்க்கும். ஆகவே காந்தம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

வழக்கமான செங்குத்துக் காந்தத்தில் புலம் மேல்நோக்கி, சிதறல் தளம் கிடையாக. கியூ எப்போதும் புலத்துக்குச் செங்குத்து. புலத் திசை ஏற்ற இறக்கம் முழுதாகத் தெரியும், குறுக்குத் திசைகள் இரண்டில் ஒன்றுதான் தெரியும், அந்த ஒன்றும் மேல் கிளைக்கும் கீழ்க் கிளைக்கும் பாதிப் பாதியாகப் பங்கிடப்படும். ஆக மூன்று கிளைகளின் செறிவு 1:2:1. நடுவில் இருப்பது தடித்து, ஓரங்கள் மெலிந்து தெரிந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை, அப்படித்தான் வர வேண்டும். எண்ணிக்கை போதாமல் ஓரங்கள் பின்னணியில் மூழ்கிவிட்டால் "பிரியவில்லை" என்று தோன்றும், இன்னும் கொஞ்ச நேரம் எண்ணுங்கள்.

கிடைமட்டக் காந்தத்தில் கியூ-வைப் புலத்தோடு ஒட்டி வைத்தால் கதை மாறிவிடும். நடுக் கிளை முழுக்க மறைந்துவிடும், ஓரக் கிளைகள் இரண்டும் சம செறிவில் நிற்கும். இது பிழை இல்லை, வாய்ப்பு. கியூ-வைப் புலத்துக்கு ஒட்டியும் செங்குத்தாகவும் வைத்து இரண்டு முறை அளந்தால் எந்தக் கிளை எந்தத் துருவமாக்கம் என்று போலரைஸ்டு நியூட்ரான் இல்லாமலே சொல்லிவிடலாம்.

டைமர் பொருள்களில் இன்னொரு மறைவிடம் உண்டு. செறிவு, 1 கழித்தல் கொசைன்(கியூ × டைமர் நீளம்) என்று போகும். அந்தக் கொசைன் 1 ஆகும் கியூ-வில் நின்றுகொண்டு தேடினால் எந்தப் புலத்திலும் ஒன்றும் கிடைக்காது. ஸ்கேனுக்கு முன் இந்தக் காரணியை வரைந்து பாருங்கள்.

"கேப் மூட வேண்டிய புலத்தில் மூடவில்லை" அல்லது "கேப்பே இல்லாத சங்கிலியில் கேப் திறக்கிறது"

இந்தத் துறையில் மிகவும் சுவையான அறிகுறி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சாதாரணக் கணக்கு எளிது. டைமர் என்றால் கீழ்க் கிளை சீமான் ஆற்றலால் இறங்கிக்கொண்டே வந்து, கேப்புக்குச் சமமானதும் சுழியைத் தொடும், அங்கே மேக்னான்கள் ஒடுங்கி ஒழுங்கு பிறக்கும். தாலியம் காப்பர் குளோரைடில் கேப் சுமார் 0.7 எம்இவி, மாறுநிலைப் புலம் 5.6 டெஸ்லா சுற்று, ஜி-யைப் போட்டுக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒத்துப்போகும். அந்தப் புலத்துக்கு மேல் ஒரு கேப் இல்லாத கோல்ட்ஸ்டோன் அலை இருப்பதை 2003-இல் ரூக் குழு நியூட்ரானில் காட்டியது.

உங்கள் சாம்பிளில் அப்படி மூடவில்லை, அருகில் வந்து வளைந்து மீண்டும் மேலே ஏறுகிறது என்றால் முதல் சந்தேகம் ஒன்றுவிட்டு ஒன்று மாறும் புலம். சங்கிலியில் அடுத்தடுத்த அயனிகளின் ஜி டென்சர் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்திருந்தால், நீங்கள் கொடுக்கும் சீரான புலம் உள்ளே போனதும் ஒரு சின்னப் பகுதி மேல்-கீழ்-மேல்-கீழ் என்று மாறும் புலமாகிவிடும். சியாலோஷின்ஸ்கி–மோரியா பிணைப்பும் இதையே செய்யும். அந்தச் சின்னப் பகுதிக்குத்தான் எதிர்க்காந்தச் சங்கிலி மிக அதிகமாக அசைந்துகொடுக்கும்.

காப்பர் பென்சோயேட்டில் நடந்தது இது. 1997-இல் டெண்டர் குழு அதைப் புலத்தில் வைத்து, ஸ்பின் அரைச் சங்கிலியில் புலம் ஏற ஏற மென்மையான இடங்கள் (கிளர்வின் ஆற்றல் சுழியைத் தொடும் கியூ-க்கள்) நகர்வதைத் தேடியது. நகர்ந்தன, கூடவே யாரும் கேட்காத ஒரு கேப்பும் திறந்தது, அதன் அளவோ புலத்தின் திசைக்குத் திசை மாறியது. சீரான ஹைசன்பர்க் சங்கிலிக்குத் திசையே தெரியாது, ஆகவே ஹாமில்டோனியனில் வேறு ஏதோ இருக்கிறது என்பதற்கு அந்தத் திசைச் சார்பே சாட்சி. ஒஷிகாவாவும் ஆஃப்லெக்கும் அதே ஆண்டு காரணத்தைச் சொன்னார்கள்: மாறும் புலம், அதனால் கேப் புலத்தின் 2/3 அடுக்கில் வளரும்.

ஆகவே சோதனை இப்படி. கேப்பை மூன்று நான்கு புலங்களில் அளந்து மடக்கை அளவில் வரையுங்கள். சரிவு 2/3 பக்கம் வந்தால் மாறும் புலம். படிகத்தைத் திருப்பி இன்னொரு அச்சில் அளந்தால் அளவு மாறும், சரிவு மாறாது. அதற்கும் முன்னால் மேசையிலேயே செய்யக்கூடியது, படிக அமைப்பு ஃபைலைத் திறந்து, அடுத்தடுத்த காப்பர் இரண்டின் நடுவில் இன்வெர்ஷன் மையம் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் அந்தப் பிணைப்பில் சியாலோஷின்ஸ்கி–மோரியா இருக்க முடியாது, இரண்டு அயனிகளின் ஜி டென்சரும் ஒன்றே. புலத்தில் கேப் திறக்காத சங்கிலியாக வேலை செய்ய வேண்டும் என்றால் காப்பர் பைரசீன் நைட்ரேட்டை எல்லோரும் எடுப்பது இதற்காகத்தான், 8.7 டெஸ்லாவிலும் அதில் தொடர் நிறமாலை கேப் இல்லாமல் நின்றது.

ஸ்பின் ஒன்று சங்கிலிகளிலும் இதே கதை. என்ஈஎன்பி என்ற நிக்கல் சேர்மத்தில் ஹால்டேன் கேப்பை (ஸ்பின் ஒன்று சங்கிலிக்கு இயல்பாகவே உள்ள கேப்) புலத்தால் மூடிப் பார்க்க முயன்றார்கள், முழுக்க மூடவில்லை, நிக்கல் இடங்கள் இரண்டு வகையாகச் சாய்ந்திருந்ததால் மாறும் புலம் உள்ளே புகுந்து மாற்றத்தை மழுக்கிவிட்டது. அதன் உறவுக்காரரான என்டிஎம்ஏபி-யில் கேப் மூடியது, புலத்தால் பிறக்கும் ஒழுங்கும் தெரிந்தது. அளப்பவர் திறமையில் வித்தியாசம் ஏதும் இல்லை, படிகத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான்.

இன்னொரு சாத்தியம், கேப் உண்மையில் மூடுகிறது, ஆனால் உங்கள் ரெசல்யூஷனுக்குள் மீள்தன்மைக் கோடு அதை விழுங்கிவிடுகிறது. ஹைட்ரஜன் உள்ள சாம்பிளில் இது ரொம்ப மோசம், ஹைட்ரஜனின் ஒழுங்கற்ற சிதறல் ஓர் அணுவுக்கு 80 பார்ன், டியூட்டீரியத்துக்கு 2 மட்டுமே. கரிமக் காப்பர் சேர்மங்களை டியூட்டரேட் செய்யாமல் எடுத்துப் போகாதீர்கள். செய்தால் ஜே கொஞ்சம் நகரலாம், ஆகவே காந்தமாக்கத்தையும் டியூட்டரேட் செய்த அதே சாம்பிளில் அளங்கள். போரான் இருந்தால் போரான் 11 மட்டும், சாதாரணப் போரானில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும் போரான் 10 நியூட்ரானைக் குடித்துவிடும். ஸ்ட்ரான்ஷியம் காப்பர் போரேட்டின் 3 எம்இவி டிரிப்லெட்டுகளை யாரும் சாதாரணப் போரானில் நியூட்ரானால் அளப்பதில்லை.

"மென்மையான இடம் பை-யில் இல்லை, எங்கோ தள்ளி இருக்கிறது"

அது தள்ளித்தான் இருக்க வேண்டும். ஓர் இடத்துக்குக் காந்தமாக்கம் எம் (தெவிட்டினால் 1/2) என்றால், புலத் திசை ஏற்ற இறக்கம் பை × (1 ± 2 எம்) இடங்களில் மென்மையாகும், குறுக்கு ஏற்ற இறக்கம் பை-யிலேயே நிற்கும். தெவிட்டு அளவில் கால் பங்கு காந்தமாகியிருந்தால் இடம் பை-யிலிருந்து கால் பங்கு தள்ளிப்போகும்.

எதிர்பார்த்த தள்ளலுக்கும் அளந்ததற்கும் ஒத்துவரவில்லை என்றால், எம்-ஐ எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள். புலத்துக்கு நேர்விகிதம் என்று கோடு போட்டிருந்தால் தப்பு. சங்கிலியின் காந்தமாக்கம் முதலில் சோம்பலாக ஏறி, தெவிட்டுக்குப் பக்கத்தில் செங்குத்தாகப் பாயும். தெவிட்டுப் புலத்தின் பாதியில் காந்தமாக்கம் பாதியைவிடக் கணிசமாகக் குறைவு. அளந்த வளைவையே பயன்படுத்துங்கள்.

"எல்லாம் அகலமாக இருக்கிறது"

இங்கேதான் ஆசை அறிவை முந்தும். அகலமான சிக்னல் கண்டதும் ஸ்பினான் தொடர், ஸ்பின் திரவம் என்று எழுதிவிடத் தோன்றும். அகலத்துக்குக் காரணங்கள் பல, அவற்றில் ஸ்பினான் ஒன்று.

தெவிட்டுப் புலத்துக்கு மேலே போய்ப் பாருங்கள் (மறுபடியும் அதே மருந்து). பின்னமாகிய கிளர்வுகளால் வந்த அகலம் என்றால் அங்கே கூர்மையான மேக்னானாகச் சுருங்கிவிட வேண்டும். அங்கேயும் அகலமாகவே இருந்தால் ஒழுங்கின்மை. இட்டெர்பியம் மெக்னீசியம் காலேட்டில் இதுதான் விவாதமானது: மெக்னீசியமும் காலியமும் ஒரே இடத்தைத் தாறுமாறாகப் பங்கிடுகின்றன, அதனால் இட்டெர்பியத்தின் படிகப் புலம் இடத்துக்கு இடம் மாறுகிறது, துருவப்படுத்திய நிலையிலும் கோடு அகலமாகவே தெரிந்தது.

ஆல்ஃபா ருத்தேனியம் குளோரைடு வைத்திருப்பவர்கள் அதற்கும் முன்னால் தன்வெப்பத்தைப் பாருங்கள். 7 கெல்வின் பக்கம் ஒரே ஒரு கூர்மையான உச்சி இருந்தால் நல்ல படிகம். 14 கெல்வினிலும் ஒன்று எழுந்தால் அடுக்குகள் நழுவியிருக்கின்றன, அந்தப் படிகத்தில் 7, 8 டெஸ்லா பக்கம் ஜிக்ஜாக் ஒழுங்கு அழிவதைப் பற்றி எதுவும் எழுதாமல் இருப்பது நல்லது. ஒட்டும்போது லேசாக வளைத்தாலே, வெட்டும்போது அழுத்தினாலே இது கெடும். அளவுக்கு முன்னால் ஒருமுறை, அளவு முடிந்து படிகத்தைக் கழற்றிய பின் ஒருமுறை தன்வெப்பம் எடுத்துவைத்தால் வாதத்துக்கே இடமில்லை.

மிச்சம் இருப்பவை சாதாரணமானவை. பல சின்னப் படிகங்களை ஒன்றாக அடுக்கியிருந்தால் அவற்றின் கோணச் சிதறல், செங்குத்தான சிதறல் உறவில் ஆற்றல் அகலமாகவே வெளிப்படும். அடிமட்டத்தில் அகலம் குறைந்து சரிவில் கூடினால் இதுதான்.

"புலம் ஏறியதும் பிராக் பீக் குறைந்துவிட்டது"

படிகம் திரும்பிவிட்டது. காந்த அனைசோட்ரபி அதிகமாக இருந்தால் (கோபால்ட், இட்டெர்பியம், ருத்தேனியம்) எளிய அச்சு புலத்தை நோக்கித் திரும்பப் பார்க்கும், 10 டெஸ்லாவில் அந்த முறுக்கு விசை ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டை வளைக்கும் அளவுக்கு இருக்கும். அடையாளம் இது: அணுக்கருப் பிராக் பீக்கின் செறிவு முதல் முறை புலம் ஏறும்போது மட்டும் விழும், இறக்கினாலும் பழைய நிலைக்கு வராது.

அளவைத் தொடங்கும் முன் ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். சுழியில் ஒரு ராக்கிங் ஸ்கேன், உச்சப் புலத்தில் ஒன்று, மீண்டும் சுழியில் ஒன்று. மையம் நகர்ந்திருந்தால் காந்தத்தை இறக்கி சாம்பிளை வெளியே எடுங்கள், "கொஞ்சம்தானே" என்று தொடராதீர்கள். கட்ட, பசையை மட்டும் நம்பாமல் அலுமினியக் கம்பியோ இறுக்குப் பட்டையோ போடுங்கள். பசை வேண்டும் என்றால் ஹைட்ரஜன் இல்லாத ஃப்ளோரோபாலிமர், வார்னிஷ் வேண்டாம், அதன் ஹைட்ரஜன் பின்னணியாகத் திரும்பி வரும். தூள் சாம்பிளில் ஒவ்வொரு துகளும் தனித்தனியாகத் திரும்பும், தூள் சராசரி என்று நினைத்தது பாதி ஒழுங்குபட்ட படிகமாகிவிடும். அழுத்தி வில்லையாக்கிவிடுங்கள்.

"தெர்மாமீட்டர் 100 மில்லிகெல்வின் என்கிறது, டேட்டா நம்ப மறுக்கிறது"

டேட்டாவை நம்புங்கள். தெர்மாமீட்டர் கலப்புக் கலத்தில் (குளிரூட்டியின் மிகக் குளிர்ந்த பகுதி) இருக்கிறது, சாம்பிள் அங்கே இல்லை. நியூட்ரான் கையிலேயே ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறது: ஆற்றல் இழப்புப் பக்கத்துக்கும் ஆற்றல் பெறும் பக்கத்துக்கும் உள்ள செறிவு விகிதம். 0.2 எம்இவி கிளர்வுக்கு 100 மில்லிகெல்வினில் பெறும் பக்கம் முற்றிலும் காலியாக இருக்க வேண்டும். அங்கே பத்தில் ஒரு பங்கு சிக்னல் தெரிந்தால் உங்கள் சாம்பிள் 1 கெல்வினில் இருக்கிறது. தூள் என்றால் சாம்பிள் கலத்துக்குள் ஹீலியம் வாயு அடைத்துத்தான் மூட வேண்டும், படிகம் என்றால் செப்புத் தாங்கியோடு நல்ல தொடுகை வேண்டும்.

தன்வெப்பத்தில் இதே இடத்தில் இன்னொரு தொல்லை. மிகத் தாழ்ந்த வெப்பநிலையில், புலம் ஏற ஏற, வளைவு மேல்நோக்கித் திரும்புகிறதா? அது அணுக்கரு ஷாட்கி (அணுக்கரு ஸ்பின் நிலைகள் பிரிவதால் வரும் தன்வெப்பம்), புலத்தின் வர்க்கம் வகுத்தல் வெப்பநிலையின் வர்க்கம் என்று போகும். அந்த வடிவத்தில் ஓர் உறுப்பைப் பிட்டில் சேர்த்துக் கழித்துவிடுங்கள், கழிக்காமல் கேப் கணக்கிட்டால் கேப் சின்னதாக வரும். மாசு ஸ்பின்களின் ஷாட்கி வேறு, அது புலத்தோடு நடந்துபோகும் ஒரு திமில்: ஜி 2 என்றால் 1 டெஸ்லாவில் 0.56 கெல்வின், 5 டெஸ்லாவில் 2.8. இந்த நேர்விகிதத்தில் நடப்பது எதுவும் உங்கள் சங்கிலி இல்லை.

"மாறுநிலைப் புலம் அளவுக்கு அளவு மாறுகிறது"

வேறு வேறு அச்சுகளில் அளந்தவற்றை டெஸ்லாவில் ஒப்பிடாதீர்கள், ஜி/2 ஆல் பெருக்கிய பிறகு ஒப்பிடுங்கள். காப்பரின் ஜி 2.05-இலிருந்து 2.3 வரை திசைக்குத் திசை மாறும், பத்து சதவீத வித்தியாசம் அதிலேயே போய்விடும். தாலியம் காப்பர் குளோரைடின் எல்லைக் கோடுகள் இப்படி வரைந்தால் ஒன்றன் மேல் ஒன்று விழும்.

துடிப்புப் புலத்தில் அளந்தது மட்டும் தனியாக நின்றால் மேக்னெட்டோகேலோரிக் விளைவு. சில மில்லி விநாடிகளில் ஏறும் புலத்தில் சாம்பிளுக்கு வெப்பத்தைப் பரிமாற நேரமில்லை, மாறுநிலைப் புலத்துக்குப் பக்கத்தில் தானாகவே குளிரும் அல்லது சூடாகும். ஏறும்போதும் இறங்கும்போதும் வளைவு பிரிந்தால் அதுதான் ஆதாரம்.

"தங்க விகிதம் வரவில்லை"

கோபால்ட் நையோபேட்டில் 2010-இல் கோல்டியா குழு, முதல் இரண்டு கிளர்வுகளின் ஆற்றல் விகிதம் 1.618-ஐ நெருங்குவதைக் காட்டியதிலிருந்து பலருக்கும் இதில் ஆசை. வராததற்குக் காரணம் பெரும்பாலும் புலத்தின் இடம். 1989-இல் ஜமோலோட்சிகோவ் சொன்ன அந்த விகிதம் மாறுநிலைப் புள்ளிக்கு மட்டும் உரியது, குறுக்குப் புலம் 5.5 டெஸ்லாவுக்குச் சற்றுக் கீழே நின்றால்தான் கிடைக்கும். சுழி புலத்தில் நின்று தேடினால் வேறு வரிசை வரும், அது ஏரி சார்பின் சுழிகள்: 2.338, 4.088, 5.521 என்று ஏறும் பிணைநிலைகள். அதுவும் 3 கெல்வினுக்குக் கீழே, சங்கிலிகள் ஒன்றையொன்று ஒழுங்குபடுத்திய பிறகுதான் தெளிவாகத் தெரியும், 5 கெல்வினில் அதே இடத்தில் உடையாத தொடர் நிறமாலைதான்.

புலம் பி அச்சோடு சரியாக ஒட்டாவிட்டாலும் விகிதம் கெடும். கோணலான புலத்தின் சின்னக் கூறு ஈசிங் திசையில் (ஸ்பின்கள் ஒட்டி நிற்க விரும்பும் அச்சு) விழுந்து இரண்டு டொமைன்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடும், கேப்பின் கீழ்ப்புள்ளியும் உயர்ந்துவிடும். முறுக்கு விசை இங்கே மிகவும் அதிகம், மேலே சொன்ன ராக்கிங் ஸ்கேன் இந்தப் படிகத்துக்குக் கட்டாயம்.

"கணினி மாதிரிதான் தகராறு செய்கிறது"

ஸ்பின் அலை நிரல் "மேட்ரிக்ஸ் பாசிட்டிவ் டெஃபினிட் இல்லை" என்று நின்றால், புலம் போட்ட பின் ஸ்பின் அமைப்பை மறுபடி குறைந்தபட்ச ஆற்றலுக்குக் கொண்டுவரவில்லை. சுழி புலத்தின் அமைப்பு புலத்தில் அடிநிலை இல்லை. கொண்டுவந்த பிறகும் நின்றால் புலத்தின் குறியைப் பாருங்கள், எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறன் ஸ்பின்னுக்கு எதிர்த்திசையில், ஒரு கழித்தல் குறி எங்கோ தொலைந்திருக்கும்.

துல்லிய மூலைவிட்டமாக்கலில் காந்தமாக்க வளைவு படிப்படியாக வந்தால் அவை பீடபூமிகள் இல்லை, சங்கிலி சின்னது. 16 இடங்களில் எட்டுப் படி, 24-இல் பன்னிரண்டு. நீளத்தைக் கூட்டினால் அகலம் குறையாமல் நிற்கும் படி மட்டுமே பீடபூமி. டிஎம்ஆர்ஜி-யில் (நீண்ட சங்கிலிகளுக்கான கணினி முறை) நேரப் பரிணாமம் செய்து நிறமாலை எடுத்தால், நேரத்தை எங்கே வெட்டினீர்களோ அதற்கேற்ப ஆற்றலில் அகலமும் அலையலையான துணைப் பீக்குகளும் வரும். வெட்டும் நேரத்தை இரட்டிப்பாக்கி ஓட்டுங்கள், துணைப் பீக்குகள் இடம் மாறினால் அவை கணினி போட்டவை.